1914: ஐரோப்பியப் போரின் முதல் ஐந்து மாதங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு ஞாயிறுதோறும் உலக வரலாறு நடத்தி வருகிறேன். முதல் உலகப் போர் என்ற பாடத்தைத் தொடங்கினாலே, ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. சரயேவோ நகரத்துத் துப்பாக்கிச் சூட்டிலிருந்து 1914 டிசம்பர் வரை நடந்தவற்றைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மீண்டும் சொல்லவில்லை என்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரு இளவரசரைச் சுட்டதுக்காகவா இவ்வளவு பெரிய போர் வந்துச்சு?

கொலை போருக்கு வாய்ப்பைத் தந்தது. போரை முடிவு செய்தவர்கள் வேறு. 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் பாஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று காலையிலேயே அவர்கள் வாகனத்தின் மீது ஒரு குண்டு வீசப்பட்டுக் குறி தவறியிருந்தது. காயமடைந்தவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது, பாதை மாற்றப்பட்ட செய்தி ஓட்டுநருக்குச் சொல்லப்படாததால் கார் பழைய திட்டப்படியே ஒரு தெருவுக்குள் திரும்பியது. தவறை உணர்ந்து அதை நிறுத்திய இடத்தில், சில அடி தூரத்தில், 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் பாஸ்னியாவை ஆஸ்திரியா 1908இல் தன்னுடன் இணைத்துக்கொண்டதும், 1912–13 பால்கன் போர்களில் செர்பியா ஏறத்தாழ இருமடங்கு பெரிதானதும், பல இனங்கள் வாழ்ந்த ஆஸ்திரியப் பேரரசு தன் எல்லைக்குள் இருந்த தென் ஸ்லாவியர்களை (செர்பியர், குரோவாசியர் போன்றோரை) செர்பியா ஈர்த்துவிடும் என்று அஞ்சியதும் அதற்கு முன்பே இருந்த பகைகள். ஆஸ்திரியப் படைத் தலைமை அதிகாரி கான்ராட், செர்பியாவுடன் போர் வேண்டும் என்று அதற்கு முன்பே பலமுறை வலியுறுத்தியவர்.

சுட்டவனை செர்பிய அரசாங்கமே அனுப்பினதா?

பிரின்சிப் செர்பியக் குடிமகன் அல்லர். பாஸ்னியாவில் பிறந்த செர்பியர், ஆகவே ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டவர். அவருக்கும் தோழர்களுக்கும் துப்பாக்கியும் குண்டும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில்தான் கிடைத்தன. கொடுக்க ஏற்பாடு செய்தவர்கள் 'கருப்புக் கை' என்ற இரகசிய அமைப்பினர். அதன் தலைவரான டிமிட்ரியேவிச், செர்பிய இராணுவ உளவுத் துறையின் தலைவராகவும் இருந்தார்.

பிரதமர் பாஷிச்சின் அமைச்சரவை இந்தக் கொலைக்கு உத்தரவிடவில்லை. அவருக்கும் டிமிட்ரியேவிச்சுக்கும் கடும் பகையே இருந்தது. ஆகவே 'அரசு அனுப்பியது' என்பதும் தவறு, 'செர்பியாவுக்குச் சம்பந்தமே இல்லை' என்பதும் தவறு. அரசின் ஓர் உறுப்பு அரசின் உத்தரவின்றிச் செயல்பட்டது என்பதே சரியான விடை. பிரின்சிப்புக்கு அப்போது 20 வயது நிறையாததால் தூக்குத் தண்டனை விதிக்கப்படவில்லை. 1918 ஏப்ரலில் காசநோயால் சிறையில் இறந்தார்.

ஜூன் 28ல கொலை, ஜூலை 28ல போர். நடுவுல ஒரு மாசம் என்னதான் பண்ணாங்க?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. போர் கண்மண் தெரியாத கோபத்தில் பிறந்ததன்று என்பதை இந்த ஒரு மாதமே காட்டுகிறது. ஜூலை 5 அன்று ஆஸ்திரிய வெளியுறவு அலுவலகத்தைச் சேர்ந்த ஹோயோஸ் பெர்லினுக்கு வந்தார். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் அவருடைய தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக்கும், செர்பியா மீது ஆஸ்திரியா என்ன நடவடிக்கை எடுத்தாலும், செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா குறுக்கிட்டாலும் கூட, துணை நிற்போம் என்று உறுதி தந்தனர். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை என்று வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் சொல்வார்கள். மறுநாள் பேரரசர் தம் வழக்கமான கோடைப் பயணமாக நார்வே கடற்பகுதிக்குக் கப்பலேறிவிட்டார்.

அதன் பிறகும் ஆஸ்திரியா தாமதித்ததற்குக் காரணங்கள் உண்டு. ஹங்கேரியப் பிரதமர் டிசா ஜூலை 14 வரை போருக்கு இசையவில்லை. படைவீரர்களில் பலர் அறுவடைக்காக விடுப்பில் ஊருக்குப் போயிருந்தனர். அவர்களைத் திடீரென்று அழைத்தால் விளைச்சலும் கெடும், இரகசியமும் வெளியாகும். மூன்றாவதாக, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவாங்கரே ஜூலை 20 முதல் 23 வரை ரஷ்யத் தலைநகரில் விருந்தினராக இருந்தார். அவர் அங்கே இருக்கும்போது எச்சரிக்கையை அனுப்பினால் ரஷ்யாவும் பிரான்சும் ஒரே மேசையில் அமர்ந்து கலந்து முடிவெடுத்துவிடும். எனவே அவருடைய கப்பல் புறப்படும் நேரத்தைக் கணக்கிட்டு, ஜூலை 23 மாலை 6 மணிக்குத்தான் பெல்கிரேடில் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. இவ்வளவு பொறுமையாகக் கணக்குப் போட்டவர்கள் செர்பியாவுக்குத் தந்த அவகாசம் 48 மணி நேரம்.

ஆஸ்திரியா கேட்டதெல்லாம் செர்பியா ஒத்துக்கிச்சுன்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் சண்டை?

பத்துக் கோரிக்கைகளில் சிலவற்றைச் செர்பியா முழுமையாகவும் சிலவற்றை நிபந்தனையோடும் ஏற்றது. கொலை பற்றிய நீதி விசாரணையில் செர்பிய மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்க வேண்டும் என்ற ஆறாவது கோரிக்கையை மட்டும், தன் அரசமைப்புக்கு முரணானது என்று மறுத்தது. 'எல்லாவற்றையும் ஏற்றது' என்பது மிகை. 'பெரும்பாலும் பணிந்தது' என்பது பொருந்தும்.

அந்தப் பதில் தயாரான காட்சியை வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்வேன். ஜூலை 25 பிற்பகல் வரை வாசகங்கள் அடித்து அடித்துத் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தன. கடைசி நேரத்தில் தட்டச்சு இயந்திரம் பழுதாகிவிட, அடித்தல் திருத்தல்களோடு கையால் எழுதிய படியையே பிரதமர் பாஷிச் எடுத்துக்கொண்டு, கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஆஸ்திரியத் தூதர் கீஸ்லிடம் கொடுத்தார். தூதரோ மூட்டை முடிச்சுகளைக் கட்டி முடித்து, பயண உடையில் இருந்தார். பதிலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, உறவு முறிந்ததாகக் கடிதம் அனுப்பி, மாலை 6.30 மணி இரயிலில் ஏறிவிட்டார். முழுமையான சம்மதத்துக்குக் குறைவான எந்தப் பதிலானாலும் அது முறிவாகவே கொள்ளப்படும் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

விடுமுறையிலிருந்து திரும்பிய வில்ஹெல்ம் ஜூலை 28 காலையில்தான் செர்பியாவின் பதிலை முழுமையாகப் படித்தார். போருக்கான காரணமே இனி இல்லை என்று அதன் ஓரத்தில் எழுதினார். அன்று முற்பகலே ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது, அதுவும் தந்தி மூலம்.

'படைதிரட்டல்'னா போர் அறிவிக்கிறதுதானே? அதை ஏன் தனியா ஒரு சம்பவமா எழுதுறாங்க?

சட்டப்படி இரண்டும் வேறு. படைதிரட்டல் என்பது, வயலிலும் ஆலையிலும் இருக்கும் இருப்புப் படையினரை அழைத்து, சீருடையும் ஆயுதமும் கொடுத்து, இரயிலேற்றி எல்லைக்கு அனுப்புவது. அதைச் செய்த நாடு எல்லையிலேயே காத்திருக்கலாம்; ரஷ்யா அப்படித்தான் சொன்னது.

நடைமுறையில் இரண்டுக்கும் இடையில் இருந்த தூரத்தைச் சுருக்கியது இரயில்தான். ஜெர்மனி தன் படைகளை நகர்த்தச் சுமார் 11,000 இரயில்களுக்கு அட்டவணை வைத்திருந்தது. கொலோன் நகரில் ரைன் ஆற்றின் மேலுள்ள பாலத்தை ஆகஸ்டின் முதல் இரு வாரங்களில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு படை இரயில் கடந்தது. எதிரி திரட்டத் தொடங்கிவிட்டால், நாம் தொடங்காத ஒவ்வொரு நாளும் நமக்கு இழப்பு என்று எல்லாத் தளபதிகளும் கருதினர். அதனால் தூதர்கள் கேட்ட இரண்டு நாள் அவகாசத்தைத் தளபதிகள் தோல்வியாகப் பார்த்தனர். ஜூலை கடைசி வாரத்தைக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜாரும் கெய்சரும் சொந்தக்காரங்கதானே, ரெண்டு பேரும் பேசித் தீர்த்திருக்கலாமே?

பேசினார்கள். ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 1 வரை ரஷ்யாவின் ஜார் நிக்கோலசும் ஜெர்மனியின் கெய்சர் வில்ஹெல்மும் செல்லப்பெயர் சொல்லி அழைத்து ஆங்கிலத்தில் தந்தி அனுப்பிக்கொண்டனர். அதில் ஒன்று பலனும் தந்தது. ஜூலை 29 இரவு, வில்ஹெல்மின் தந்தியைப் படித்த ஜார் நிக்கோலஸ், ஏற்கெனவே ஒப்புதல் அளித்திருந்த முழுப் படைதிரட்டலை நிறுத்தி, ஆஸ்திரிய எல்லைக்கு மட்டுமான பகுதித் திரட்டலாக மாற்றினார்.

அவருடைய தளபதிகளுக்கு அது பேரிடியாக இருந்தது. பகுதித் திரட்டலுக்கு ஒழுங்கான திட்டமே அவர்களிடம் இல்லை. அதைச் செய்தால் பின்னர் முழுத் திரட்டல் குழம்பிவிடும் என்று வாதிட்டனர். வெளியுறவு அமைச்சர் சசோனவ் ஜூலை 30 பிற்பகல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வாதாடி ஜாரின் சம்மதத்தை மீண்டும் பெற்றார். உத்தரவு மறுபடி மாறிவிடக் கூடாது என்பதற்காக, இனித் தம் தொலைபேசியை உடைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் இருக்கப்போவதாகப் படைத் தலைமை அதிகாரி யானுஷ்கேவிச் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

ஜூலை 31 அன்று ஜெர்மனி ரஷ்யாவுக்கு 12 மணி நேரக் கெடு விதித்தது. ஆகஸ்ட் 1 மாலை ஜெர்மானியத் தூதர் பூர்த்தாலெஸ், படைதிரட்டலை நிறுத்துவீர்களா என்று சசோனவிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்ற பதில் வந்தபின் போர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, சன்னலருகே போய் அழுதார். ரஷ்யா மறுத்தால் ஒரு வாசகம், பதிலே தராவிட்டால் இன்னொரு வாசகம் என்று பெர்லின் அனுப்பியிருந்த இரண்டுமே அந்தத் தாளில் சேர்ந்து இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஜெர்மனிக்குத் தகராறு ரஷ்யாவோட. அப்போ மேற்கே இருக்கிற பெல்ஜியத்துக்குள்ள ஏன் நுழைஞ்சாங்க?

ஜெர்மனியிடம் இருந்த ஒரே திட்டம் அதுதான். ரஷ்யாவும் பிரான்சும் 1894 முதல் உடன்படிக்கையால் பிணைக்கப்பட்டிருந்தன. பரந்த ரஷ்யா முழுமையாகத் திரள ஆறு வாரமாவது ஆகும். அதற்குள் பிரான்சை முறியடித்துவிட்டுக் கிழக்கே திரும்பலாம் என்பது ஷ்லீஃபென் என்ற முன்னாள் தளபதி வகுத்து, அப்போதைய ஜெர்மானியப் படைத் தலைமை அதிகாரி மோல்ட்கே திருத்திய திட்டம். பிரான்சின் கிழக்கு எல்லையில் வலுவான கோட்டைகள் இருந்ததால், பெல்ஜியத்தின் வழியாகச் சுற்றி வருவது என்று முடிவானது. பெல்ஜியத்தின் நடுநிலையை 1839 உடன்படிக்கையில் உறுதி செய்த வல்லரசுகளில், பின்னாளில் ஜெர்மனியை உருவாக்கிய பிரஷ்யாவும் ஒன்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தத் திட்டம் ஆட்சியாளர்களின் கையை எப்படிக் கட்டியது என்பதற்கு ஆகஸ்ட் 1 மாலை நடந்த ஒன்றே போதும். பிரான்சைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கியிருக்கும் என்று பொருள்படும் தந்தி ஒன்று இலண்டனிலிருந்து ஜெர்மானியத் தூதர் லிஷ்னோவ்ஸ்கியிடமிருந்து வந்தது. மகிழ்ந்துபோன வில்ஹெல்ம், முழுப் படையையும் கிழக்கே திருப்பச் சொன்னார். அது முடியாது, பல இலட்சம் பேரை ஒழுங்கற்ற கும்பலாகத்தான் கொண்டு சேர்க்க முடியும் என்று மோல்ட்கே மறுத்துவிட்டார். அன்றிரவே அந்தத் தந்தி தவறான புரிதல் என்று தெரியவந்தது. ஒரு பேரரசரிடம், நீங்கள் விரும்பும் போருக்கு நம்மிடம் இரயில் அட்டவணை இல்லை என்று அவருடைய தளபதியே சொன்ன அந்த மாலையை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

ஆகஸ்ட் 2 அன்று லக்சம்பர்க் பிடிக்கப்பட்டது. அன்று மாலை பெல்ஜியத்துக்கு 12 மணி நேரக் கெடு. மன்னர் ஆல்பர்ட்டின் அரசு மறுத்தது. ஆகஸ்ட் 3 அன்று பிரான்சு மீது போர் அறிவிப்பு, 4 அன்று படையெடுப்பு.

பிரிட்டன் பெல்ஜியத்துக்காக வந்துச்சா, இல்ல அது வெறும் சாக்கா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே இந்தக் கேள்வியின் குறை. பிரான்சு நசுக்கப்பட்டு, ஆங்கிலக் கால்வாயின் எதிர்க்கரை ஒரே வல்லரசின் கைக்குப் போவதைப் பிரிட்டன் எந்தக் காலத்திலும் ஏற்றதில்லை. பிரெஞ்சுக் கடற்படை மத்தியதரைக் கடலுக்கும் பிரிட்டிஷ் கடற்படை வடகடலுக்கும் என்று முன்பே பேசி வைத்திருந்ததால், பிரான்சின் வடகரைக்குப் பாதுகாப்பு இல்லை என்ற தார்மீகக் கடனும் இருந்தது. வெளியுறவுச் செயலர் எட்வர்ட் கிரே ஜூலை 26 அன்று நான்கு நாடுகள் கூடிச் சமரசம் செய்யலாம் என்று முன்மொழிந்து, ஜெர்மனி அதை ஏற்காமல் போனதும் இதில் சேரும்.

ஆனால் ஆகஸ்ட் 1 வரை அமைச்சரவையில் பெரும்பான்மையினர் போருக்கு எதிராகவே இருந்தனர். அவர்களை ஒன்றுபடுத்தியது பெல்ஜியம். மார்லி, பர்ன்ஸ் என்ற இருவர் மட்டுமே பதவி விலகினர். ஆகவே பெல்ஜியம் இல்லாவிட்டால் பிரிட்டன் வந்திருக்காது என்று சொல்ல முடியாது. அன்றே, ஒரே குரலில் வந்திருக்காது என்று சொல்லலாம். பெர்லினிலிருந்த பிரிட்டிஷ் தூதர் கோஷனிடம் பெத்மன் ஹோல்வெக், ஒரு காகிதத் துண்டுக்காகவா எங்களோடு போரிடுகிறீர்கள் என்ற பொருளில் பேசியது, 1839 உடன்படிக்கையை ஜெர்மனி எப்படி மதித்தது என்பதற்குச் சான்றாக உலகம் முழுவதும் பரவியது.

இத்தாலி ஜெர்மனி கூட்டணியிலதானே இருந்துச்சு, ஏன் சண்டைக்கு வரல?

1882 முதல் ஆஸ்திரியாவும் சேர்ந்திருந்த அந்தக் கூட்டணி தற்காப்புக்கானது. ஆஸ்திரியாவே தாக்கத் தொடங்கியதாலும், தன்னைக் கலந்துகொள்ளாததாலும் இத்தாலி நடுநிலை என்று அறிவித்தது. 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்தது.

பாரிஸ் வாசல் வரைக்கும் வந்த ஜெர்மன் படை ஏன் திரும்பிப் போச்சு? டாக்சியில போன சிப்பாய்ங்கதான் காப்பாத்தினாங்களா?

முதலில் ஜெர்மனிதான் வென்றுகொண்டே வந்தது. லியேஜ் நகரைச் சுற்றியிருந்த கோட்டைகள், 42 செ.மீ. வாய் அகலமுள்ள க்ரூப் பீரங்கிகளின் குண்டுகளுக்கு ஆகஸ்ட் 16க்குள் வீழ்ந்தன. பிரெஞ்சுத் தளபதி ழோஃப்ர் லொரேன் பக்கமும் ஆர்டென் காட்டுப் பக்கமும் பாய்ந்து தாக்கினார். சிவப்புக் காற்சட்டை அணிந்த பிரெஞ்சு வீரர்கள் இயந்திரத் துப்பாக்கிகளின் முன் ஓடினர். ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் சுமார் 27,000 பேர் மாண்டனர். லூவேன் நகரைத் தீயிட்ட ஜெர்மானியப் படை, அங்கிருந்த பழைய பல்கலைக்கழக நூலகத்தையும் எரித்தது. செப்டம்பர் 2 அன்று பிரெஞ்சு அரசு போர்தோ நகருக்கு இடம்பெயர்ந்தது.

பிறகு திட்டமே தன் சுமையால் தளர்ந்தது. வலது ஓரத்தில் வந்த க்ளுக்கின் முதல் படை, பாரிசைச் சுற்றி வளைக்காமல் அதன் கிழக்கே திரும்பி, தன் பக்கவாட்டைப் பாரிசுக்குக் காட்டியது. வீரர்கள் ஒரு மாதமாக நடந்தே வந்தவர்கள். உணவும் குண்டும் இரயில் முனையிலிருந்து வெகுதூரம் வர வேண்டியிருந்தது. கிழக்கில் ரஷ்யா எதிர்பார்த்ததைவிட முன்பே நுழைந்துவிட்டதால் இரண்டு படைப்பிரிவுகள் மேற்கிலிருந்து கழற்றி அனுப்பப்பட்டன. பாரிசின் இராணுவ ஆளுநர் கலியெனி அந்தப் பக்கவாட்டைத் தாக்க வலியுறுத்தினார். அதைத் தடுக்க க்ளுக் மேற்கே திரும்பியபோது, அவர் படைக்கும் அடுத்திருந்த பூலோவின் இரண்டாம் படைக்கும் இடையே சுமார் 50 கி.மீ. இடைவெளி விழுந்தது. அதற்குள் பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சு ஐந்தாம் படையும் நுழைந்தன. தலைமையகத்திலிருந்து வந்த ஹென்ட்ஷ் என்ற அதிகாரி நிலைமையைப் பார்த்துப் பின்வாங்க இசைய, செப்டம்பர் 9 அன்று பின்வாங்கல் தொடங்கியது. இதுதான் மார்ன் போர்.

டாக்சிகள் உண்மைதான். சுமார் 600 வண்டிகள் சில ஆயிரம் வீரர்களை முனைக்குக் கொண்டு போயின. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈடுபட்ட போரில் அது சிறு பங்கு. பாரிஸ் மக்களின் மனத்துக்கு அது தந்த தெம்பு பெரிது. செப்டம்பர் 14 அன்று மோல்ட்கே விலக்கப்பட்டு ஃபால்கென்ஹைன் பொறுப்பேற்றார். ஒருவரை ஒருவர் வடக்கே சுற்றி வளைக்க முயன்று இரு படைகளும் கடற்கரையை எட்டின. நியூபோர்ட் மதகுகளைத் திறந்து பெல்ஜியர்கள் தங்கள் சொந்த வயல்களிலேயே கடல்நீரைப் பாய்ச்சி எதிரியை நிறுத்தினர். ஈப்ர் நகரச் சண்டை நவம்பரில் ஓய்ந்தபோது, சுவிஸ் எல்லை முதல் வடகடல் வரை பதுங்குகுழிகள் நீண்டிருந்தன.

டானன்பர்க்ல ரஷ்யா மொத்தமா தோத்துப்போச்சே, அப்போ அவங்க வந்ததுல என்ன பிரயோசனம்?

ஆகஸ்ட் 26 முதல் 30 வரை கிழக்குப் பிரஷ்யாவில் நடந்த டானன்பர்க் போரில் ரஷ்யாவின் இரண்டாம் படை அழிந்தது. 90,000க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தளபதி சம்சோனவ் தற்கொலை செய்துகொண்டார். ஓய்விலிருந்து அழைக்கப்பட்ட 66 வயது ஹிண்டன்பர்க் ஜெர்மனியின் வீரநாயகரானார். ரஷ்யர்கள் கம்பியில்லாத் தந்தியில் சங்கேதமின்றி உத்தரவுகளை அனுப்பியது ஜெர்மானியருக்குப் பேருதவி.

ஆனாலும் முந்தைய பதிலில் சொன்ன இரண்டு படைப்பிரிவுகளை நினைவுகூருங்கள். அவை டானன்பர்க்குக்கு நேரத்தில் வந்து சேரவில்லை, மார்னிலும் இல்லாமல் போயின. மேலும், கிழக்கு முனை முழுவதும் டானன்பர்க் அல்ல. தெற்கே கலீசியாவில் ரஷ்யா ஆஸ்திரியாவைப் பலமாகத் தோற்கடித்து செப்டம்பர் 3 அன்று லெம்பர்க் நகரைப் பிடித்தது. எந்தச் செர்பியாவைத் தண்டிக்கப் போர் தொடங்கியதோ, அந்தச் செர்பியா ஆகஸ்டில் செர் மலையில் ஆஸ்திரியாவை விரட்டியது. டிசம்பர் 2 அன்று இழந்த பெல்கிரேடை டிசம்பர் 15 அன்று மீட்டது. நம் பாடநூல்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

துருக்கி ஏன் சம்பந்தமில்லாம உள்ள வந்துச்சு?

ஆகஸ்ட் 2 அன்றே ஜெர்மனியுடன் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டது. ஆனால் வெளியே நடுநிலை காட்டியது. துருக்கி விலை கொடுத்து, பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டிப் பிரிட்டனில் கட்டுவித்த இரண்டு போர்க்கப்பல்களைப் பிரிட்டன் தனக்கே எடுத்துக்கொண்டது அங்கே பெரும் சினத்தைக் கிளப்பியது. அந்த நேரம் பார்த்து, பிரிட்டிஷ் கப்பல்களிடமிருந்து தப்பிய கோபென், பிரெஸ்லாவ் என்ற ஜெர்மானியக் கப்பல்கள் ஆகஸ்ட் 10 அன்று டார்டனெல்ஸ் நீரிணைக்குள் வந்தன. அவை துருக்கிக்கு விற்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மாலுமிகள் துருக்கித் தொப்பி அணிந்துகொண்டனர். அக்டோபர் 29 அன்று அந்தக் கப்பல்களின் ஜெர்மானிய அட்மிரல் சூஷோன் தலைமையில் துருக்கிக் கொடியுடன் ரஷ்யாவின் கருங்கடல் துறைமுகங்கள் தாக்கப்பட்டன. நவம்பர் தொடக்கத்தில் ரஷ்யாவும் பிரிட்டனும் பிரான்சும் துருக்கி மீது போர் அறிவித்தன.

'அவன் சரியான எம்டன்'னு சொல்றது இந்தப் போர்லேருந்து வந்ததா?

ஆம். எம்டன் ஜெர்மனியின் இலகு ரகப் போர்க்கப்பல்; சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்திலிருந்து போருக்குச் சற்று முன்னர் வெளியேறி, இந்தியப் பெருங்கடலில் தனியாக வேட்டையாடியது. அதற்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்ற நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைப் பொருத்திக்கொள்ளும். செப்டம்பர் 22 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, தேடுவிளக்கைப் பாய்ச்சி, சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்தில் கப்பல் இருளில் மறைந்தது; அடுத்த நாட்களில் மக்கள் திரள் திரளாக இரயிலேறி நகரை விட்டு வெளியேறினர். உயர் நீதிமன்ற வளாகத்தின் மதிற்சுவரில் அதற்கான நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. சென்னைக்குப் போகும் மாணவர்களை நான் தவறாமல் பார்த்துவரச் சொல்வேன்.

கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், பிடித்த கப்பல்களின் பணியாளர்களைக் கண்ணியமாக நடத்தியதற்காக எதிரிகளாலும் மதிக்கப்பட்டவர். நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எம்டனை முறியடித்தது. கப்பல் போனாலும், எமகாதகன் என்ற பொருளில் சொல் நம்மிடம் தங்கிவிட்டது.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பல்ல வந்தார்ங்கிறது உண்மையா?

இதைக் கேட்பவர்கள் பெருமிதத்தோடு கேட்பார்கள் என்பதால், விடையை மரியாதையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. செண்பகராமன் அந்த ஆண்டு சூரிக்கிலும் பின்னர் பெர்லினிலும் இந்திய விடுதலைக்காக உழைத்துக்கொண்டிருந்தார். எம்டனோ, மேலே சொன்னபடி, சீனக் கரையிலிருந்து வந்த கப்பல். ஐரோப்பாவில் இருந்தவர் அதில் ஏறியிருக்க வழி தெரியவில்லை. அவருடைய உண்மையான பணியே போதுமான பெருமை என்பது என் கருத்து.

இந்தியா ஏன் அந்தப் போர்ல சேர்ந்துச்சு? நம்மள யாராவது கேட்டாங்களா?

கேட்கவில்லை. பிரிட்டிஷ் மன்னர் போரில் இறங்கினால் இந்தியாவும் போரில் இருப்பதாகவே பொருள். வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அதை அறிவித்தார், அவ்வளவுதான். லாகூர், மீரட் படைப்பிரிவுகள் செப்டம்பர் 26 அன்று மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கி, அக்டோபரில் ஈப்ர் சேற்றுக்குள் அனுப்பப்பட்டன. அக்டோபர் 31 அன்று, தன் குழுவினர் எல்லாரும் வீழ்ந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கிய குதாதாத் கான், விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்திய வீரரானார்.

நவம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கித் தோல்வியுற்ற படையில், பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படையும் இருந்தது.

ரஷ்யாதான் முதல்ல முழுப் படையையும் திரட்டுச்சு; அப்போ குற்றவாளி ரஷ்யாதானே?

வல்லரசுகளில் முழுப் படைதிரட்டலை முதலில் தொடங்கியது ரஷ்யாதான். அதன் விளைவை அறிந்தே செய்தது. ஆனால் அதற்கு முன் பெல்கிரேடின் மீது ஆஸ்திரியக் குண்டுகள் விழத் தொடங்கியிருந்தன. அதற்கும் முன் ஜூலை 5 உறுதிமொழி இருக்கிறது. பிரான்சு, மோதலைத் தவிர்க்க ஜூலை 30 அன்று தன் படைகளை எல்லையிலிருந்து 10 கி.மீ. பின்னுக்கு நிறுத்தியது, ஆனால் ரஷ்யாவைத் தடுத்து நிறுத்த முயலவில்லை. பிரிட்டன் தன் நிலையைத் தெளிவாகச் சொல்லத் தாமதித்தது.

எல்லாரும் சமமான குற்றவாளிகள் என்று பங்கு பிரித்துவிடுவதை நான் ஏற்பதில்லை. ஆஸ்திரியா ஒரு போரை விரும்பியது. அது பெரும் போராக விரிந்தாலும் பரவாயில்லை என்று ஜெர்மனி துணிந்தது. மற்றவர்களுக்கு அந்தத் துணிவை முறியடிக்கும் வழி தெரியவில்லை, அல்லது தேடவில்லை. தேர்வில் இக்கேள்வி வந்தால், நாடுகளின் பெயரோடு நாளையும் மணியையும் எழுதுங்கள்.

டிசம்பருக்குள்ள யாரும் ஜெயிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சே, அப்பவே ஏன் சமாதானம் பேசல?

இறந்தவர்களின் எண்ணிக்கையே அதைத் தடுத்தது. பிரான்சு மட்டும் அந்த ஐந்து மாதங்களில் சுமார் மூன்று இலட்சம் பேரைப் பறிகொடுத்திருந்தது. பெல்ஜியத்தின் பெரும்பகுதியும் பிரான்சின் வடகிழக்குத் தொழில் மாவட்டங்களும் ஜெர்மனியின் கையில் இருந்தன. அந்த நிலையில் போரை நிறுத்துவது பிரான்சுக்குத் தோல்வி; பிடித்ததை விட்டுக்கொடுப்பது ஜெர்மனிக்குத் தோல்வி. செப்டம்பர் 5 அன்று பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா மூன்றும் தனித்தனியே சமாதானம் செய்துகொள்வதில்லை என்று இலண்டனில் கையெழுத்திட்டிருந்தன. அதே வாரத்தில் பெத்மன் ஹோல்வெக்கின் அலுவலகத்தில், பெல்ஜியத்தை அடிமை நாடாக்குவது உள்ளிட்ட வெற்றித் திட்டம் வரையப்பட்டது.

கிறிஸ்துமஸ் நாளில் சில இடங்களில் இருதரப்பு வீரர்களும் பதுங்குகுழிகளிலிருந்து எழுந்து வந்து கைகுலுக்கியதும், இடையில் கிடந்த தங்கள் பிணங்களைப் புதைத்துக்கொண்டதும் உண்மை. அது வீரர்கள் தாமாகச் செய்தது. இருதரப்புத் தலைமைகளும் மீண்டும் நடக்கக் கூடாது என்று உத்தரவிட்டன.

ஒவ்வொரு புத்தகத்துலயும் தேதி மாறுதே, எதை எழுதுறது?

இரண்டு காரணங்கள். ரஷ்யாவும் செர்பியாவும் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றின. அது நம்முடையதற்கு 13 நாள் பிந்தியது. ஆகவே சரயேவோ கொலை நடந்த நாள் அவர்களுக்கு ஜூன் 15. தேர்வில் ஜூன் 28 என்றே எழுதுங்கள். இரண்டாவது, பிரிட்டன் விதித்த கெடு ஆகஸ்ட் 4 இரவு இலண்டன் நேரம் 11 மணிக்கு முடிந்தது. பெர்லினில் அப்போது நள்ளிரவு 12, இந்தியாவிலோ ஆகஸ்ட் 5 விடிகாலை. அதனால் பிரிட்டன் போரில் இறங்கிய நாள் சில நூல்களில் 4 என்றும் சிலவற்றில் 5 என்றும் இருக்கும். 4 என்பதே வழக்கில் உள்ளது.